லாவெண்டர்னா என்ன கலர் மச்சி?

போன மாதம் கிளாஸ்மேட்டோட அக்கா கல்யாணம். ரெண்டு நாள் முன்னாடி வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ்: "ரிசப்ஷனுக்கு எல்லாரும் லாவெண்டர்." பசங்க பாதிப் பேருக்கு அது என்ன கலர்னே தெரியலை. ஒருத்தன் கத்திரிக்காய் கலரில் வந்து நின்றது தனிக்கதை.

என் ரூம்மேட் "காய்ச்சல்"னு ஹாஸ்டல்லயே இருந்துட்டான். அவனிடம் இருந்த ஒரே நல்ல சட்டை தீபாவளிக்கு எடுத்த பச்சை. மெஸ் பில் கட்டுற நேரத்தில் புதுசுக்கு எங்கே போவான்?

கலர் கோடே வேண்டாம்னு சொல்லலை. போட்டோ அழகா வரும், சரி. மூணு வாரம் முன்னாடியே சொல்லுங்க, கலரோட படமும் போடுங்க. முக்கியமா, "இல்லைன்னா இருக்கறதைப் போட்டுட்டு வாங்க"ன்னு ஒரு வரி சேருங்க. பத்திரிகையில் "சுற்றமும் நட்பும் சூழ"ன்னுதானே அச்சடிக்கிறோம்?

திங்கட்கிழமை கிளாசுக்கு அதே பச்சைச் சட்டையில்தான் வந்தான். காய்ச்சல் எப்படி இருக்குன்னு யாரும் கேட்கலை.