இணைப்பு இருக்கிறது, புகையும் இருக்கிறது

வீட்டுக்குள் நிலக்கரி எரிவதால் எழும் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று, 2006இல் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு முடிவு செய்தது. அதற்கு வலுவான சான்று சீனாவின் யுன்னான் மாகாணத்துச் சுவான்வெய். அங்கே பெண்கள் புகைபிடிப்பது மிக அரிது. ஆனாலும் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் பெண்கள் சீனாவிலேயே மிக அதிகமாக இருந்த பகுதிகளுள் அது ஒன்று. புகைபோக்கி இல்லாத குழியடுப்பில் அவர்கள் எரித்தது புகை மிகுந்த நிலக்கரி. 21,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறியவர்களில் ஆண்களுக்கு 41 விழுக்காடும் பெண்களுக்கு 46 விழுக்காடும் ஆபத்து குறைந்திருந்தது. பலன் தெளிவாகத் தெரியச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின.

செங்கல்பட்டுச் சமையலறைக்கு நிலக்கரி பழக்கமில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைக் கரியாக்கிச் செய்த 'லெக்கோ' கட்டிகள் ஒரு காலத்தில் தமிழக வீடுகளுக்கு விற்கப்பட்டதுண்டு. அவற்றில் புகை குறைவு. குமுட்டி அடுப்பில் கனன்றது மரக்கரி. இந்தக் கரையோரத்தின் எரிபொருள் சவுக்கு. பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குப் போனதும் அதுதான். கட்டை விலைக்குப் போய்விடும். மிலாறும் சருகும் பனைமட்டையும் அடுப்புக்கு மிஞ்சும். ஐப்பசி மழையில் நனைந்த மிலாறு பற்றாமல் புகையும். ஊதுகுழலோடு குனிந்து ஊதுகிறவர் அடுத்து இழுக்கும் மூச்சில் அந்தப் புகைதான் உள்ளே போகிறது.

விறகுப் புகையை அதே குழு ஒரு படி கீழே, 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற வகுப்பில் வைத்தது. எண்ணெயை மிகச் சூடாக்கிப் பொரிக்கும்போது எழும் ஆவிக்கும் அதே இடம்தான். மாமல்லபுரத்தில் திறந்தவெளியில் மீன் வறுப்பவர்களுக்குக் கடற்காற்று துணை. குடிசைக்குள் சமைப்பவருக்கு அதுவும் இல்லை.

எனினும் நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலையே. நாட்பட்ட மூச்சடைப்பு நோய், இதய நோய், குழந்தைகளின் நிமோனியா ஆகியவையே விறகுப் புகையின் பெரிய சேதம். புற்றுநோயை மட்டும் காட்டி மிரட்டும் பிரசாரம் அந்தச் சேதத்தை மறைத்துவிடும்.

தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் 2006 தேர்தலுக்குப் பின் வந்தது. மத்திய அரசின் உஜ்வலா 2016இல். இரண்டும் இணைப்பைத் தந்தன; அடுத்த சிலிண்டருக்குப் பணம் வேண்டும். போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் தமிழகத்தில் நடத்திய பகுதியையும் உள்ளடக்கிய நான்கு நாட்டு ஆய்வு 2022இல் வெளியானது. எரிவாயுவை இலவசமாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தபோது, கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம். விறகில் சமைத்தவர்களுக்குச் சுமார் 71. குழந்தைகளின் பிறப்பு எடை மட்டும் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் சிலிண்டர் தடையின்றி வந்தால் பெண்கள் விறகை விட்டுவிடுவார்கள் என்பது உறுதியானது.

ஆகவே ஊராட்சிதோறும் எண்ண வேண்டியது ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் நிரப்பப்படுகிறது என்பதை. அந்த எண்ணிக்கை குறைவாக உள்ள குடியிருப்புகளுக்கே மானியத்தைக் கூட்டித் தரலாம்; விறகு அங்கே எரியும்வரை அரசுத் தொகுப்பு வீடுகளின் சமையலறைக்குப் புகைபோக்கியைக் கட்டாயமாக்கலாம்.