அடி வாங்குவது சிலுவை அல்ல

கன்னத்தில் ரத்தம் கட்டிய ஒரு பெண் போதகர் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உட்காரவைத்து டீ கொடுக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள். பிறகு அந்த வார்த்தை வருகிறது: "பொறுத்துக்கோம்மா, இது உன் சிலுவை." அதே வீட்டுக்கு அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஏதோ ஒரு போதகரின் தவறு என்று இதை ஒதுக்க முடியாது. அடிக்கிற கணவனோடு வாழ்ந்து காட்டுவதே பக்தி என்று நம் சபைகளில் பலர், பெண்களும்கூட, நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்.

இயேசுவைச் சிலுவையில் அறைந்தவர்கள் பிலாத்துவின் போர்ச்சேவகர்கள். கை ஓங்கும் கணவன் நிற்பது அந்தச் சேவகர்களின் இடத்தில். இதை அவன் முகத்துக்கு நேரே சொல்லும் பிரசங்கத்தை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

எல்லோரும் எடுத்துக்காட்டுவது எபேசியர் 5:22. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற வசனம். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அந்த வசனத்தில் 'கீழ்ப்படி' என்ற வினைச்சொல்லே கிடையாது. முந்தைய வசனத்திலிருந்துதான் அதன் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த 21ஆம் வசனமோ விசுவாசிகள் எல்லோரையும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. மனைவிக்குச் சொன்னது மூன்று வசனம். கணவனுக்குச் சொன்னது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அவளுக்காக உயிரையே கொடுக்கும் அன்பை அது அவனிடம் கேட்கிறது. நம் காதில் மூன்று மட்டும் விழுகிறது.

படுக்கையறையிலும் இதே கதைதான். மனைவியின் உடல் கணவனுக்கு உரியது என்று 1 கொரிந்தியர் 7ஐக் காட்டுகிறார்கள். அதே வசனம், கணவனின் உடலும் அவனுடையதல்ல, மனைவிக்கு உரியது என்கிறது. விலகியிருப்பதானாலும் இருவரும் சம்மதித்தே விலக வேண்டும் என்கிறது அடுத்த வசனம். சம்மதம் என்ற சொல் அங்கே எழுதியிருக்கும்போது பலாத்காரத்துக்கு அதில் எங்கே இடம்? மனைவியைக் கணவன் வன்புணர்வதை 2023இன் பாரதிய நியாய சன்ஹிதாவும் வன்புணர்வுக் குற்றமாக எண்ணவில்லை. சட்டம் விட்ட ஓட்டைக்குள் சபை போய் ஒளிந்துகொள்ளக் கூடாது.

அடியைப் பொறுப்பதே பக்தி என்ற நம்பிக்கைக்கு வயது அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடிபட்ட தழும்போடு வந்த பெண்களிடம், கல்யாணப் பத்திரத்தை அடிமைப் பத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று தன் தாய் மோனிக்கா புத்தி சொன்னதைப் புனித அகஸ்தீனுஸ் புகழ்ச்சியாகவே எழுதிவைத்தார். ஆனால் மோனிக்கா வாழ்ந்த அதே நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், மனைவியை அடிக்கும் அளவுக்கு எந்தக் குற்றமும் பெரிதல்ல, அடிப்பவனுக்கே அது அவமானம் என்றார். அவரும் பெண்ணைப் பொறுமை காக்கச் சொன்னவர்தான். ஆனாலும் அடிக்கிறவனை அவர் விட்டுவைக்கவில்லை.

நம் நாட்டில் 1869இன் விவாகரத்துச் சட்டப்படி, கணவனின் கொடுமை மட்டும் கிறிஸ்தவப் பெண்ணுக்கு விவாகரத்து வாங்கித் தரவில்லை. விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001இல்தான் அது மாறியது. சட்டம் மாறியும் சபையின் ஆலோசனை மாறவில்லை. தேவன் விவாகரத்தை வெறுக்கிறார் என்று மல்கியா 2:16ஐப் பாதியோடு நிறுத்துகிறார்கள். அந்த வசனத்தின் மறுபாதி, கொடுமையை உடையாகப் போர்த்துக்கொள்பவனைக் கண்டிக்கிறது.

சில அதிகாரங்களை முழுதாகவே விட்டுவிடுகிறோம். 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தின் மேல் எத்தனை ஞாயிறு பிரசங்கம் நடந்திருக்கிறது? தாவீதின் மகள் தாமார், தன்னைப் பலாத்காரம் செய்ய வரும் மாற்றாந்தாய் மகன் அம்னோனிடம் வேண்டாம் என்று வாதாடுகிறாள். அவளுடைய வாதத்தை வேதம் முழுதாக எழுதிவைத்திருக்கிறது. அம்னோன் கேட்கவில்லை. அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடையைக் கிழித்துக்கொண்டு, தெருவில் அலறிக்கொண்டே போகிறாள். அண்ணன் அப்சலோம் அவளை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறான். அப்பா தாவீதுக்குக் கோபம் வருகிறது. அம்னோனை அவர் ஒன்றும் செய்யவில்லை.