ஆறாம் வகுப்பு வரை காத்திருக்காது சாதி

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் படிப்பகத்தை ஒரே ஒரு கேள்வியோடுதான் தொடங்குவோம்: "இந்த வாரம் ஸ்கூல்ல என்ன படிச்சீங்க?"

படிப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சேரியின் முகப்பில் இருக்கும் அம்பேத்கர் மன்றத்தின் ஒற்றை அறை. முப்பது பிள்ளைகள் வருவார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே பாயில் கலந்து உட்காருவார்கள். ஒருவன் கடன் வாங்கிக் கழித்தல் என்பான். இன்னொருத்தி செடியின் பாகங்கள் என்பாள். சின்னதுகள் ஆங்கிலப் பாட்டை ஆடிக் காட்டும். நாங்களும் கைதட்டிவிட்டு நோட்டைத் திறக்கச் சொல்வோம்.

ஒரு சனிக்கிழமை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை ஒன்று, "டீச்சர் சார்ட் மாட்டினாங்க. நமக்கு உதவுவோர்" என்றாள். டாக்டர், போலீஸ், தபால்காரர், விவசாயி என்று வரிசையாகப் படம் காட்டியிருக்கிறார்கள். துடைப்பத்தோடு நிற்கும் தூய்மைப் பணியாளர் படம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு பையன், "ஏய், அது உங்க அம்மா" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர், "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இதைச் சொல்லிவிட்டு அவள் எங்களிடம் கேட்டாள்: "எங்க அம்மா நூறு நாள் வேலைக்குத்தானே போறாங்க அண்ணா? அவன் ஏன் அப்படிச் சொன்னான்?"

தோழர்களே, அந்தக் கேள்வியை ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தப் பையனுக்கு அவள் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று மட்டும் தெரியும். தெருவை வைத்துச் சாதியையும், சாதியை வைத்துத் தொழிலையும், தொழிலை வைத்து இழிவையும் கணக்குப் போட எட்டு வயதில் அவன் கற்றுவிட்டான். கடன் வாங்கிக் கழித்தல் இன்னும் அவனுக்கு வராமல் இருக்கலாம். இந்தக் கணக்கு வந்துவிட்டது.

நாங்கள் என்ன பதில் சொன்னோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். "அதையெல்லாம் கண்டுக்காத பாப்பா, நீ நல்லாப் படி" என்றோம். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. டீச்சர் அடுத்த படத்துக்குப் போனார். நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போனோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்துபோன பிறகு, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்பப் பாடம் நடத்தி, செயலி வழியாகத் திரும்பத் திரும்ப மதிப்பிடுகிறார்கள். இதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. தனியார் டியூஷன் இல்லாத, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத நம் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருவது வாழ்வா சாவா என்கிற விஷயம். வாசிக்கத் தெரியாத தலைமுறையின் கையில் அம்பேத்கரைக் கொடுத்து என்ன பயன்?

ஆனால் ஒரு பிள்ளைக்கு எத்தனை எழுத்து தெரியும் என்று இவ்வளவு அக்கறையாக அளக்கிற அரசு, அதே வாரம் அதே வகுப்பில் அந்தப் பிள்ளை சாதியைப் பற்றி என்ன கற்றது என்று கேட்பதே இல்லை. அந்தப் பாடம் கால அட்டவணையில் இல்லை என்பதால், அது நடக்கவே இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

நடக்கிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன நம் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கு இனி எதுவும் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை அவரே வீடியோ எடுத்துப் பரப்பினார். வழக்கும் கைதும் பிறகு வந்தன, கடைக்குச் சீலும் வைத்தார்கள். ஆனால் கட்டுப்பாடு என்றால் என்ன என்று புரியாமல் விழித்த அந்தப் பிள்ளைகள் அன்று ஒரு புதுச் சொல்லைக் கற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள்.

அதே ஆண்டு இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் வந்து, தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகக் காலை உணவுத் திட்டத்தில் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் நின்றார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. அதே மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளியிலும் இதே புகார் எழுந்து, அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இவை செய்தியானவை. 'அது உங்க அம்மா' செய்தியாகாது. வாராவாரம் ஆயிரம் வகுப்பறைகளில் சொல்லப்பட்டாலும் ஆகாது.

இந்தச் சம்பவங்களில் எல்லாம் நாம் பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். கழிப்பறை கழுவப் போன பிள்ளை, இது என் வேலை என்று கற்கிறது. வகுப்பில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, இது என் வேலை இல்லை என்று கற்கிறது. பசித்த பிள்ளையிடம் அப்பா அம்மாவே 'அந்தக் கை ஆக்கியதைத் தின்னாதே' என்று சொன்னால், அது உணவைப் பற்றிய பாடமா? காலை உணவு போட்டுப் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது ஒரு நல்ல திட்டம். அந்த வரிசையிலிருந்து ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போகிறது சாதி.

இவ்வளவு சின்ன வயதில் இதெல்லாம் பதியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கருப்பின உளவியலாளர் இணையர் 1940களில் கருப்புக் குழந்தைகளிடம் கருப்புப் பொம்மைகளையும் வெள்ளைப் பொம்மைகளையும் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள். பெரும்பாலானவர்கள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வும் அதில் இடம்பெற்றது. அவ்வளவு தூரம் போவானேன்? புரட்சியாளர் அம்பேத்கர் தான் உட்காரும் சாக்கைத் தானே வீட்டிலிருந்து பள்ளிக்குத் தூக்கிப்போனதையும், பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்று தவித்ததையும் எழுதியிருக்கிறார். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்த பிறகும் அவரால் மறக்க முடியாத பாடம் பள்ளிக்கூடத்தில் தாகத்தோடு நின்ற சிறுவன் படித்த பாடம்தான்.

இப்போது நாங்குநேரிக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் 12ஆம் வகுப்புப் படித்த நம் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, கையில் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்று பல நல்ல பரிந்துரைகள். அவற்றை நாம் வரவேற்றோம், நிறைவேற்றச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். அதில் இன்னொன்று, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை அறநெறி வகுப்பு.

ஏன் ஆறிலிருந்து? அரிவாள் தூக்கிய பையன்களும் ஒரு நாள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து 'அ' போட்டவர்கள்தான். ஆறாம் வகுப்புக்கு வரும்போது ஒரு பிள்ளைக்குப் பதினொரு வயது. அதற்குள் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், திருவிழாவில் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற முழுப் பாடத்திட்டத்தையும் ஊர் நடத்தி முடித்துவிடுகிறது. முடிந்த பாடத்தை அழிக்க வாரம் ஒரு பாடவேளை போதுமா?

'பிஞ்சு மனதில் சாதியை விதைக்காதீர்கள்' என்பார்கள். சாதி ஏற்கெனவே விதைத்தாகிவிட்டது, களை எடுக்க ஆள் இல்லை என்றுதான் நாங்கள் சொல்கிறோம். சாதி தெரியாத பிஞ்சு மனம் என்ற வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு எப்போது கிடைத்தது? சாதியைப் பற்றிப் பேசாமல் வளர்க்க முடிவது அதனால் அடிபடாத வீடுகளுக்கு மட்டும்தான்.

அதற்காக ஒன்றாம் வகுப்புக்கும் ஒரு உபதேச வகுப்பு வேண்டாம். தீண்டாமை பாவம், குற்றம் என்று பாடநூலின் முன்பக்கத்தில் பல தலைமுறைகளாக அச்சாகி வருகிறது. அட்டை போடும்போது பிள்ளைகள் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் அது. தண்ணீர்க் குடத்துக்கும் அந்த வாசகத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் சொல்லாவிட்டால் அது வெறும் மை. தொடக்கப் பள்ளிக்கு வேண்டியது வேறு. யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் பெருக்குகிறார்கள், தண்ணீரை யார் மொண்டு கொடுக்கிறார்கள், தட்டு எங்கே அடுக்கப்படுகிறது என்பதைச் சமமாக்குவதும், அதைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி செய்வதும்தான். 'அது உங்க அம்மா' என்று ஒரு குரல் எழுந்தால் அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வது என்று ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லி நாங்கள் தப்பிக்க விரும்பவில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு, செயலியிலும் பதிவேற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள். எத்தனையோ பேர் நம் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளாகப் பார்க்கிறார்கள். ஆனால் எண்களைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி தருகிற அரசு, அந்த ஒரு நிமிடத்துக்குப் பயிற்சி தராதது தற்செயல் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், கேள்வியை மாற்றுவோம். நாங்கள் மாற்றிவிட்டோம். என்ன படிச்சீங்க என்பதோடு, யார் பக்கத்துல உட்கார்ந்தீங்க, யார் பெருக்குனா, யாராவது மனசு கஷ்டப்படுற மாதிரி ஏதாவது சொன்னாங்களா என்றும் கேட்கிறோம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுகிறோம். மூன்று மாத நோட்டைப் புரட்டினால் எது விளையாட்டுச் சண்டை, எது வழக்கம் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, பிள்ளையைப் பேச வைத்து வீடியோ எடுக்காதீர்கள். வைரலாகும், உண்மைதான். மறுநாள் அதே பெஞ்சுக்கு அந்தப் பிள்ளை தனியாகத்தான் போக வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் என்று சட்டமே சொல்கிறது. நம் தெரு அம்மாக்கள் பெயர் பல ஊர்களில் அந்தப் பட்டியலில் இருக்கிறது, கையெழுத்துப் போடுவதற்காக மட்டும். கூட்டத்துக்கு அவர்களோடு போங்கள். நலிந்த பிரிவுக் குழந்தை பாகுபாடு காட்டப்படாமல் படித்து முடிப்பதை உறுதிசெய்வது அரசின் கடமை என்கிற 8ஆம் பிரிவை அவர்கள் வாயாலேயே கேட்க வையுங்கள்.

அந்தப் பிள்ளையிடம் மறு சனிக்கிழமை மறுபடி பேசினோம். அவள் அம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டோம். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதை மழுப்பாமல் சொன்னோம். துடைப்பம் பிடிப்பது கேவலமில்லை, ஒரு தெருவைப் பார்த்து அதை நீட்டுவதுதான் கேவலம் என்று சொன்னோம். அவள் முழுவதும் புரிந்துகொண்டாளா தெரியாது. ஆனால் தன் மேல் தப்பில்லை என்பது புரிந்தது.

டீச்சரையும் போய்ப் பார்த்தோம். சண்டைக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அந்த நேரத்துல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலப்பா" என்றார். இரண்டு வாரம் கழித்து வகுப்புச் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. வகுப்பு பெருக்க, பாய் விரிக்க, தண்ணீர் பிடிக்க, நாள்வாரியாக எல்லாப் பிள்ளைகள் பெயரும். எல்லாத் தெருப் பெயரும். வியாழக்கிழமை பெருக்கும் முறை அந்தப் பையனுடையது.

ஒரு தாளால் சாதி ஒழியாது, எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் அந்த வகுப்பு படித்தது வேறு ஒரு பாடம். உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த வாரம் என்ன பாடம் நடந்தது? இந்தச் சனிக்கிழமையே கேளுங்கள்.