பெயர்ப் பலகையில் யார் பெயர்?

மித்தி ஆற்றுக்கு இக்கரையில் தாராவி. அக்கரையில் பாந்திரா–குர்லா வளாகம். 2023 மார்ச் 31 அன்று அந்த அக்கரையில் நீதா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. ஏப்ரல் தொடங்கி சூன் வரை அங்கே ‘இந்தியா இன் ஃபேஷன்’ என்றொரு கண்காட்சி நடந்தது. இந்தியத் துணியும் உடையும் 18ஆம் நூற்றாண்டு முதல் மேல்நாட்டு நாகரிக உடையை எப்படி மாற்றின என்பது அதன் பொருள். ஷனேல், டியோர், இவ் சேன் லோரான் முதலிய பாரிஸ் பெருமக்களின் பெயர்களும், நம் நாட்டு வடிவமைப்பாளர்களின் பெயர்களும் அங்கே ஒளி வீசின.

2025 சனவரியில் பாரிசின் லூவர் அருங்காட்சியகமே தன் வரலாற்றில் முதன்முறையாக ஆடைக் கண்காட்சிக்குக் கதவு திறந்தது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பக்கத்தில் உடைக்கும் இடம் கொடுத்தாகிவிட்டது. ஆடை கலையா, வெறும் ஆடம்பரமா என்று பண்டிதர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். நாம் அந்தப் பட்டிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆடை கலைதான், மறுப்பேயில்லை. கலையென்றால் கலைஞன் யார்? நம் கேள்வி அது ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 1988இல் சேன் லோரான் ஒரு மேலங்கியை வெளியிட்டார். வான்கோவின் சூரியகாந்திப் பூக்கள் அதில் அப்படியே மலர்ந்திருந்தன. மணியும் சமிக்கியும் கோத்துத் தைத்தது லெசாஜ் என்ற பூத்தையல் நிறுவனம். ஒரு மேலங்கிக்கு 600 மணி நேர வேலை. 2019இல் பாரிசில் ஏலத்துக்கு வந்தபோது அது மூன்றரை இலட்சம் யூரோவுக்கு மேல் விலை போனது. வான்கோ பெயர் தெரியும். சேன் லோரான் பெயர் தெரியும். லெசாஜ் பெயரும் தெரியும். அந்த 600 மணி நேரமும் முதுகு வளைந்து ஊசி பிடித்தவர்களின் பெயரை யார் சொல்கிறார்கள்?

பாரிஸ் தையற்காரிக்கே இந்த நிலையென்றால் நம் ஊரின் நிலை என்ன? இன்று மேல்நாட்டு ஆடம்பர நிறுவனங்களுக்கான பூத்தையல் வேலையில் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாக இந்த மும்பையில்தான் நடக்கிறது. உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, தரையில் அமர்ந்து, ஆரி ஊசியால் குத்துகிறார்கள். காற்றோட்டமில்லாத அறைகள், மருத்துவ வசதியில்லாத வேலை என்று 2020 மார்ச்சில் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஏடே விரிவாக எழுதியது. நம்மைப் போலவே பிழைப்புக்கு ஊர்விட்டு வந்தவர்கள் அவர்கள். ஆகவே இது நம் வழக்கும்தான்.

நம் வழக்கு என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு, புதுச்சேரி வரை, சோழமண்டலக் கரையில் தெலுங்கரும் தமிழரும் எழுதிய பூத்துணிதான் அன்றைய ஐரோப்பாவைப் பித்தாக்கியது. கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிய துணியில் படிகாரத்தால் எழுதி, சாயவேரில் சிவப்பேற்றி, மெழுகு பூசி அவுரியில் நீலம் தோய்த்த துணி அது. துவைக்கத் துவைக்க நிறம் போகாது. தங்கள் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று பிரான்சு 1686இல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700லும் 1721லும் சட்டம் போட்டது.

தடை போட்டவர்கள் சும்மா இருந்தார்களா? 1730களில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி புதுச்சேரியில் தன் கண்முன்னே பூத்துணி எழுதச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போனார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிசில் இருக்கின்றன. 1742இல் கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியார், புதிதாக மதம் மாறிய சாயத் தொழிலாளிகளைத் தனித்தனியே விசாரித்துத் தொழில் இரகசியம் முழுவதையும் கடிதமாக எழுதி அனுப்பினார். துண்டு வெட்டியவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கடிதம் எழுதியவரின் பெயரும் இருக்கிறது. தொழிலைச் சொல்லிக் கொடுத்தவன் பெயர்? மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் அந்தத் துணிகளின் பக்கத்தில் ‘சோழமண்டலக் கரை’ என்று ஊர்ப்பெயர் மட்டும் தொங்குகிறது. பெயர் தெரியவில்லையாம்! தெரியாமல் போகவில்லை, தோழர்களே, யாரும் கேட்கவில்லை.

“ஓர் உடையில் நூறு கை படுகிறது, எல்லார் பெயரையும் எழுத முடியுமா?” என்பார்கள். ஏன் முடியாது? திரைப்படத்தில் விளக்குப் பிடித்தவர் பெயர்வரை வருகிறதே! அதனால் இயக்குநரின் பெருமை குறைந்து போயிற்றா? பட்டறையில் சம்பளப் பதிவேடு இருக்கிறது. முன்பணம் பிடிக்கும்போது எல்லார் பெயரும் சரியாகத் தெரிகிறது. பலகை எழுதும்போது மட்டும் மறந்து போகிறதா?

“பெயர் சோறு போடுமா? கூலியைக் கேளுங்கள்” என்று நம் தொழிற்சங்கத் தோழர் ஒருவரே சொன்னார். கூலியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கலைச் சந்தையில் விலை எதற்கு? பெயருக்கு! கையெழுத்துள்ள ஓவியம் கோடிக்குப் போகிறது. கையெழுத்தில்லாதது பழந்துணி விலைக்குப் போகிறது. பெயரில்லாத தொழிலாளியை நாளைக்கே மாற்றிவிடலாம். பெயருள்ளவன் நிமிர்ந்து நின்று பேரம் பேசுவான். பெயரை மறைப்பதே கூலியைக் குறைக்கும் வழிகளில் ஒன்று.

கேட்டால் நடக்காதா? 2025 சூனில் பிராடா நிறுவனம் மிலான் நகரில் கோலாப்பூர் செருப்பைத் தன் சரக்காகக் காட்டியது. மராட்டியத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும், அது இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டது. ஊர்ப்பெயர் கிடைத்தது. அதைத் தைக்கும் தாழ்த்தப்பட்ட தொழிலாளியின் பெயர் இன்னும் கிடைக்க வேண்டும். தோல் தொழிலுக்கென்றே நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் கோரிக்கை எளியது. உடையைக் கலையென்று காட்டும் எந்த அரங்கமும், வடிவமைத்தவர் பெயருக்குக் கீழே நெய்தவர், சாயமிட்டவர், தைத்தவர் பெயரை எழுத வேண்டும். பழைய துணியானால், ‘செய்தவர் பெயரைப் பதிவு செய்யவில்லை’ என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். அரசுப் பணம் பெறும் அருங்காட்சியகங்கள் முதலில் தொடங்கட்டும்.

அடுத்த முறை பிள்ளைகளோடு ஏதேனும் அருங்காட்சியகத்துக்குப் போகும் தோழர்கள், வாசலில் உள்ள பார்வையாளர் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்: ‘இதைத் தைத்தவர் யார்?’ தமிழிலேயே எழுதுங்கள். அர்த்தம் கேட்டால் சொல்லுங்கள்.