வாசனை பூசினால் வாடை போகுமா?



பாடநூல், தேர்வு, மாணவர் எண்ணிக்கை என்று எழுதிவரும் நான், இன்று மகிழுந்தைத் துப்புரவு செய்வதைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று சிலர் எண்ணக்கூடும். பொறுமையோடு இறுதிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சி ரூசா வட்டாரத்தில் மழை கொட்டிய ஒரு பிற்பகல். பள்ளி முடிந்து நெடுநேரமாகியும் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வாயிலருகே நின்றிருந்தான். அவனுடைய தந்தையின் கார் வழியில் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. தாயாரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டு, அவனை என் மகிழுந்தில் ஏற்றிக்கொண்டேன். மழை என்பதால் சன்னல்கள் மூடியிருந்தன, குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான்:

"டீச்சர், சன்னல கொஞ்சம் திறந்துக்குங்க. என் மேல பால் வாடை வரும்."

அவன் தந்தை பால்மரம் சீவுபவர். நம் வட்டாரத்தில் பெரும்பாலான ரப்பர்க் காடுகள் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. எஞ்சியுள்ள சிறுதோட்டங்களில் சிலர் இன்னும் சீவிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோப்பையில் உறைந்த கட்டிப்பாலைச் சேகரித்துத் தம் பழைய கஞ்சில் காரின் பின்பகுதியில் வைத்து விற்பனைக்குக் கொண்டு செல்வார் அவர். காலையில் அதே காரில்தான் மகன் பள்ளிக்கு வருவான். வகுப்பில் சிலர் அவனைக் கண்டு மூக்கைப் பொத்திக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். "சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு" என்று கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். அதன் விளைவு அன்று என் பக்கத்து இருக்கையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தது.

ஆனால், அன்று என் காரில் அடித்த வாடை அவனுடையதன்று.

அவனை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியதும் காரைச் சோதித்தேன். பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு வாசனைப் புட்டி, குளிரூட்டியின் வாயில் இன்னொன்று, பின்னிருக்கைக்கு மேலே ஒரு கட்டு பாண்டான் இலை. இவ்வளவு அலங்காரத்திற்கும் அடியில், முன்னிருக்கையின் கீழே, நசுங்கிக் கிடந்தது ஒரு பால் பொட்டலம். எப்போதோ சிற்றுண்டிச்சாலையில் வாங்கி, குடிக்க மறந்து, உருண்டுபோன பொட்டலம். கசிந்த பால் தரைவிரிப்பைத் தாண்டி அடியிலுள்ள பஞ்சில் ஊறிக் காய்ந்து, மீண்டும் ஈரத்தில் ஊறியிருந்தது. "உன் காரில் ஏதோ புளித்த வாடை வருகிறதே" என்று என் தங்கை முன்பே சொல்லியிருந்தாள். நான்தான் மேலும் ஒரு வாசனைப் புட்டியை வாங்கி மாட்டினேன்.

நம் மூக்கிற்கு ஓர் இயல்பு உண்டு. ஒரே மணத்தில் தொடர்ந்து இருந்தால் சிறிது நேரத்தில் அதை உணர்வதை அது குறைத்துக்கொள்ளும். ஆகவே தம் வீட்டின் வாடையும் தம் வண்டியின் வாடையும் தமக்குத் தெரிவதில்லை, அடுத்தவருக்கே தெரியும். என் குறை எனக்குத் தெரியவில்லை. தன்னிடம் இல்லாத குறையைத் தன்னுடையது என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டான். இதுதான் என்னை இரவெல்லாம் உறுத்தியது.

மாட்டுப் பாலும் மரத்துப் பாலும்

தமிழில் இரண்டையும் பால் என்றே அழைக்கிறோம். வாடையைப் பொறுத்தவரை இந்தப் பெயர்ப் பொருத்தம் வியப்பானது. பசும்பாலில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் உண்டு அமிலமாக மாற்றுகின்றன. கொழுப்பும் சிதைந்து பியூட்டிரிக் அமிலம் முதலியவற்றை வெளியிடுகிறது. ரப்பர்ப் பாலிலும் ரப்பர் மட்டும் இல்லை. அதில் பெரும்பகுதி நீர். அத்துடன் சிறிதளவு புரதமும் சர்க்கரையும் கொழுப்பும் உண்டு. உறைந்த கட்டிப்பாலை நாள்கணக்கில் வைத்திருந்தால் அவற்றையும் நுண்ணுயிர்கள் சிதைக்கும். அப்போதும் பியூட்டிரிக் அமிலம் போன்ற, எளிதில் ஆவியாகும் அமிலங்கள்தாம் வெளிப்படுகின்றன. பழைய வெண்ணெயின் வாடையிலும், குழந்தை வாந்தி எடுத்த வாடையிலும் இருப்பது அதே அமிலம்தான். ஆக, ஆசிரியரின் காரில் இருந்ததும் பால்மரம் சீவுபவரின் காரில் இருந்ததும் ஏறத்தாழ ஒரே வாடை. ஒன்றைக் கண்டு பிள்ளைகள் மூக்கைப் பொத்தினர். மற்றொன்றுக்கு வாசனைப் புட்டி மாட்டப்பட்டிருந்தது. வேறுபாடு அவ்வளவே.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கும். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும். லிட்மஸ் தாளைக் கையில் கொடுத்து நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம் இது. பாலும் வாந்தியும் அமில வாடை. அதற்குச் சமையல் சோடா. மீனின் கவிச்சை காரத்தன்மையுடைய அமைன்களால் வருவது. அதற்கு எலுமிச்சையோ புளியோ வினிகரோ. நம் அம்மாக்கள் மீனைப் புளித்தண்ணீரில் கழுவியது வெறும் பழக்கம் அன்று, வேதியியல். போர்ட்டிக்சன் சந்தையில் மீன் வாங்கி வரும் வழியில் பையிலிருந்து நீர் ஒழுகினால், வினிகரை நீரில் கலந்து அந்த இடத்தைத் துடையுங்கள். டுரியான் வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது. அதற்குச் சோடாவும் வினிகரும் பெரிதாக உதவா. கதவுகளைத் திறந்து காற்றோட்டம் தருவதும், ஒரு கிண்ணத்தில் கரித்துண்டுகளை வைப்பதுமே வழி.

நான் துப்புரவு செய்த முறை

முதலில் காரிலிருந்த அனைத்தையும் வெளியே எடுத்தேன். பயிற்சிப் புத்தகங்கள், குடை, மகளின் விளையாட்டுக் காலணி, கடற்கரைக்குப் போய்வந்த ஈரத்துண்டு என்று ஒரு குட்டிக் கடையே வந்தது. காரில் குப்பை இருக்கும்வரை வாடையின் இருப்பிடம் தெரியாது.

பிறகு மிதியடிகளை எடுத்து, தரைவிரிப்பைக் கையால் அழுத்தி ஈரம் எங்கே என்று பார்த்தேன். பால் சிந்திய இடத்தை முதலில் குளிர்ந்த நீரால் நனைத்துத் துணியால் ஒற்றி எடுத்தேன். சுடுநீர் ஊற்றினால் பாலின் புரதம் இறுகி இழைகளில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தித் தேய்த்தால் பால் இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே தேய்க்காமல் ஒற்ற வேண்டும். பின்னர்ச் சிறிது சவர்க்கார நீர். மீண்டும் வெறும் நீர். ஈரம் சற்றே இருக்கும்போது சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி, ஓர் இரவு விட்டு, மறுநாள் தூசி உறிஞ்சியால் எடுத்தேன். இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. அடிப்பஞ்சு காயும்வரை நான்கு கதவுகளையும் திறந்து வெயிலில் நிறுத்தினேன். நன்கு காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்து வேறொரு வாடை தொடங்கிவிடும்.

அடுத்தது குளிரூட்டி. காரின் குளிரூட்டியைப் போட்டவுடன் ஈரத்துணி வாடை வந்தால், உள்ளே ஈரத்தில் பூஞ்சணம் வளர்ந்திருக்கலாம். பல கார்களில் முன்பக்கப் பெட்டிக்குப் பின்னால் ஒரு காற்று வடிகட்டி இருக்கும். என்னுடையதைக் கழற்றிப் பார்த்தபோது காய்ந்த இலையும் தூசியுமாக அடைந்திருந்தது, புதியதை மாற்றினேன். முன்னிருக்கைப் பயணியின் கால் வைக்கும் இடம் காரணமின்றி ஈரமாக இருந்தால், குளிரூட்டியின் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கக்கூடும், பட்டறையில் காட்டுங்கள். வீட்டை நெருங்கும்போது குளிர்ச்சியை மட்டும் நிறுத்திவிட்டுக் காற்றாடியைச் சில நிமிடம் ஓடவிட்டால் உட்பகுதி காயும். செலவில்லாத பழக்கம் இது.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள். நச்சு வாயு உண்டாகும். மூடிய காருக்குள் அது பேராபத்து.

இரண்டு: வாடையைப் போக்கவென்று அந்துருண்டையைக் காரில் போடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களை அழித்து இரத்தச்சோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கக்கூடும். நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு இக்குறைபாட்டைச் சோதிப்பது இதுபோன்ற காரணங்களுக்காகத்தான். வெயிலில் நின்ற காரில் நாப்தலீன் இன்னும் விரைவாக ஆவியாகும். குழந்தை ஏறும் வண்டியில் அது வேண்டவே வேண்டாம்.

மூன்று: துப்புரவு செய்யும்போது பிள்ளைகளைக் காருக்குள் விளையாட விடாதீர்கள். வெயிலில் மூடிய காரின் வெப்பம் சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

கஞ்சிலின் கதை

சில நாள் கழித்து அந்த மாணவனின் தந்தை நன்றி சொல்லப் பள்ளிக்கு வந்தார். எட்டியே நின்று பேசினார். "வண்டி நாறும் டீச்சர், கிட்ட வராதீங்க" என்றார். தந்தையும் மகனும் ஒரே வாக்கியத்தைத்தான் வெவ்வேறு சொற்களில் சொன்னார்கள்.

"ஐயா, என் வண்டியும் நாறிக்கொண்டுதான் இருந்தது" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு இருவரும் கஞ்சிலைச் சுற்றி வந்து பார்த்தோம். 1994இல் அறிமுகமான அந்தச் சிறிய கார்தான் நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார். அதன் பின்பகுதிக்கும் இருக்கைகளுக்கும் இடையே முழுத் தடுப்பு இல்லை. பின்னால் வைக்கும் பொருளின் வாடை முன்னால் வந்தே தீரும். அவர் கட்டிப்பாலைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். சாக்கிலிருந்து ஒழுகிய நீர் விரிப்பில் ஊறியிருந்தது. இறுக மூடும் நெகிழித் தொட்டி, அதன் அடியில் கித்தான் விரிப்பு, இறக்கிய அன்றே கழுவுதல், பிறகு சோடா என்று பேசி முடிவு செய்தோம். அடுத்த வாரமே செய்துவிட்டார். வாடை முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வெகுவாகக் குறைந்தது. உழைப்பின் வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நானும் பால்மரம் சீவியவரின் மகள்தான். அந்த வாடையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனதும் அந்தப் பணத்தில்தான்.

நாம் செய்ய வேண்டியது

தூய்மையைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால், தூய்மை என்ற பெயரில் வெட்கத்தைக் கற்பித்துவிடக் கூடாது. "நாறுகிறது, தள்ளிப் போ" என்பது வெட்கம். "எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, எப்படிப் போக்கலாம்?" என்பது கல்வி. ஒரு மாணவனிடம் வாடை வருவதாகத் தோன்றினால் வகுப்பில் சொல்லாதீர்கள். இருக்கையை மாற்றி ஓரத்தில் அமர்த்தாதீர்கள். பெற்றோரைத் தனியே அழைத்து மதிப்போடு பேசுங்கள். காரணம் சட்டையில் இருக்கலாம், வண்டியில் இருக்கலாம், பல்லில் இருக்கலாம். சில வேளை மருத்துவரைப் பார்க்க வேண்டிய காரணமாகவும் இருக்கலாம். மூக்கைப் பொத்தும் பிள்ளைகளை அன்றே, அங்கேயே தடுத்துவிடுங்கள். நான் தவறியது அந்த இடத்தில்தான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசனைப் புட்டி வாங்குவதற்கு முன் இருக்கையின் அடியில் ஒருமுறை கையை விட்டுத் தேடுங்கள். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் உடலின் தூய்மைக்கு நீரையும் உள்ளத்தின் தூய்மைக்கு உண்மையையும் காட்டுகிறார். காருக்கு இரண்டுமே வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே நாறுகிறது என்று முதலில் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகுதான் நீரும் சோடாவும்.

நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அதைத் தீநாற்றத்திற்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். சொல்லுக்கு நேர்ந்த அந்த நிலை நம் பிள்ளைகளுக்கு நேர்ந்துவிடக் கூடாது.

அந்தப் பிள்ளையிடம் பால் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். "அன்னிக்கு வந்தது என் வண்டி வாடைடா. உன்னோடது இல்ல" என்றேன். நம்பாமல் பார்த்தான். "மெய்யாவா டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் ஆம் என்றேன்.

அடுத்தவரை முகர்வதற்கு முன் நம் வண்டியை முகர்ந்து பார்ப்போம்.