அவர்கள் சண்டையும் நம் வீட்டு அடுப்பும்



2025 ஜூன் 23ஆம் நாள் இரவு உங்களில் பலர் உறங்கியிருக்க மாட்டீர்கள். கத்தாரிலுள்ள அல் உதைத் என்னும் அமெரிக்க விமானப் படைத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளைச் செலுத்திய இரவு அது. கத்தாரின் வான்வழி மூடப்பட்டது. இங்கே நல்லம்பள்ளியில், சேலம் நெடுஞ்சாலையில் லாரிகள் வழக்கம் போல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் விளக்கு அணையவில்லை. தோஹாவிலிருக்கும் மகனின் குரலைக் கேட்கும் வரை ஒரு தாய் முஸல்லாவை விட்டு எழவே இல்லை.

சில நாட்கள் கழித்து, ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு வாலிபர் என்னை நிறுத்திக் கேட்டார்: "சாச்சா, இவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும்போது நாம் யார் பக்கம் நிற்பது?"

அந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டு இதே ஊரில், இதே பள்ளிவாசல் வாசலில் அது கேட்கப்பட்டது. அன்று அதற்கு நாங்கள் சொன்ன பதில் தவறானது. எப்படித் தவறினோம் என்பதை உங்களிடம் சொல்லிவிடுவது என் கடமை என்று எண்ணுகிறேன்.

ஒரே நாளில் முடிந்த பேச்சு

ஈரானோடு எட்டு ஆண்டுகள் போரிட்டு 1988இல் ஓய்ந்த ஈராக், பெருங்கடனில் மூழ்கியிருந்தது. கடன் கொடுத்தவர்களில் குவைத்தும் ஒன்று. குவைத் தனக்குரிய அளவை மீறி எண்ணெய் எடுத்து விலையைச் சரியவிடுகிறது என்றும், எல்லையிலுள்ள ருமைலா எண்ணெய் வயலில் கை வைக்கிறது என்றும் ஈராக் குற்றம் சாட்டியது. கடனைத் தள்ளுபடி செய்யக் கோரியது. சவூதியின் ஏற்பாட்டில் ஜித்தாவில் இரு தரப்பும் அமர்ந்தன. ஆகஸ்ட் 1ஆம் தேதி அந்தப் பேச்சு முறிந்தது. மறுநாள் விடியுமுன் சதாம் ஹுசைனின் படைகள் குவைத்துக்குள் புகுந்துவிட்டன.

ஆகஸ்ட் 10ஆம் நாள் அரபுத் தலைவர்கள் கெய்ரோவில் அவசரமாகக் கூடினர். சவூதியைக் காக்கப் படை அனுப்பும் தீர்மானத்துக்கு, அரபு லீகின் 21 உறுப்பினர்களில் 12 பேரே ஆதரவளித்தனர். மற்றவர்களில் சிலர் எதிர்த்தனர், சிலர் ஒதுங்கினர், சிலர் தயங்கினர். ஒரே மொழி பேசும் குடும்பம் கெய்ரோ மண்டபத்தில் இரண்டாகப் பிளந்தது.

அப்போது குவைத்தில் ஒன்றே முக்கால் லட்சம் அளவில் இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவர் என் தமக்கையின் கணவர். ஃபர்வானியாவில் ஒரு தையற்கடையில் வேலை. ஆறு வாரங்கள் அவரிடமிருந்து கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. என் தமக்கை தினமும் இரவு வானொலிப் பெட்டியருகே அமர்ந்து, பி.பி.சி. தமிழோசையில் 'குவைத்' என்ற சொல் வரும்போதெல்லாம் ஒலியைக் கூட்டுவார். அந்த ஆறு வாரமும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது அக்கம்பக்கத்தார் தந்த அரிசியால்தான்.

அன்றைய இந்திய அரசு செய்ததை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் நேரே பாக்தாத் சென்று சதாமைச் சந்தித்தார். சதாம் அவரைத் தழுவிக்கொண்ட படம் பத்திரிகைகளில் வந்து, உலகெங்கும் கண்டனத்துக்கு ஆளானது. ஆயினும் நம் மக்கள் வெளியேற வழி பிறந்தது. குவைத்திலிருந்து பஸ்ரா, பாக்தாத் வழியாகப் பாலைவனம் கடந்து ஜோர்டான் எல்லை முகாம்களில் காத்திருந்து, அம்மான் நகரிலிருந்து விமானம் ஏறினார்கள். ஏர் இந்தியா 59 நாட்களில் 488 முறை பறந்து 1,11,711 பேரைக் கொண்டுவந்து சேர்த்தது. பொதுமக்களுக்கான விமான நிறுவனம் ஒன்று இவ்வளவு பேரை மீட்டது உலக சாதனையாகப் பதிவாகியிருக்கிறது.

மச்சான் பம்பாயில் இறங்கி, ரயிலில் பெங்களூர் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் நல்லம்பள்ளி வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டைகள், ஒரு கத்தரிக்கோல், எவருமே மாற்றித் தர முன்வராத குவைத் தினார் நோட்டுகள் சில.

தேநீர்க் கடையில் தொங்கிய படம்

இனி நான் சொல்வது நமக்கே கொஞ்சம் வெட்கம் தருவது.

அவர் வந்து சேர்ந்த அந்நாட்களில் தமிழ்நாட்டின் எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் சதாமின் படம் தொங்கியது. பிறந்த ஆண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. உங்கள் ஊரிலும் முப்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு சதாம் ஹுசைன் இருப்பார், எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவை எதிர்த்து நிற்கிறார், ஃபலஸ்தீனத்தைப் பேசுகிறார் என்பதே போதுமானதாக இருந்தது. குவைத் மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டதைக் கேட்க எவருக்கும் மனமில்லை. நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடையிலும் அந்தப் படம் இருந்தது. மச்சான் அங்கே அமர்ந்திருந்தபோது ஒருவர், "நீங்கள் குவைத்தின் உப்பைத் தின்றவர். அவர்களுக்காகத்தான் பேசுவீர்கள்" என்றார். பக்கத்திலிருந்த நான் மறுத்துப் பேசவில்லை.

மச்சான் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "என் கடையை உடைத்து மெஷின்களை ஏற்றிச் சென்றவர்கள் ஈராக்கியச் சிப்பாய்கள். பஸ்ரா போகும் சாலையில் தாகத்தால் துவண்ட எங்களுக்குத் தன் தண்ணீரைக் கொடுத்தவனும் ஒரு ஈராக்கியச் சிப்பாய்தான். நான்கு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தது என் குவைத் முதலாளி. தன் வீட்டில் ஒளித்து வைத்த அரிசியில் பாதியை எங்கள் அறைக்கு அனுப்பியதும் அதே முதலாளி. நான் யார் பக்கம் பேச வேண்டும், சொல்லுங்கள்."

கடையில் எவரும் வாய் திறக்கவில்லை. படம் மட்டும் மேலும் பல மாதங்கள் அங்கேயே தொங்கியது.

எவருடைய பணம்?

1991 ஜனவரி 17இல் போர் மூண்டது. பிப்ரவரி 28இல் ஓய்ந்தது. குவைத்தின் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் தீக்கு இரையாயின. இழப்பீடு வழங்க ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் ஓர் ஆணையத்தை அமைத்தது. குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்த தனிநபருக்கு 2,500 டாலர் அல்லது 4,000 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர் அல்லது 8,000 டாலர் என வரையறுக்கப்பட்டது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் வழியாக மச்சானும் விண்ணப்பித்தார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், லட்ச ரூபாய்க்குச் சற்று முன்பின்னான ஒரு தொகை முதல் தவணையாக வந்தது. என் தமக்கை இரண்டு ரக்அத் நஃபில் தொழுதார். மூத்த மகளின் நிக்காஹ் அந்தப் பணத்தில்தான் நடந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா, சகோதரிகளே? பொருளாதாரத் தடையால் நெரிக்கப்பட்ட ஈராக், தன் மக்களின் உணவுக்கும் மருந்துக்குமென எண்ணெய் விற்க 1996 டிசம்பரில்தான் வழி திறந்தது. விற்ற ஒவ்வொரு நூறு டாலரிலும் முதலில் 30 டாலர் இழப்பீட்டு நிதிக்குப் போயிற்று. அங்கே மருத்துவமனைகளில் மருந்தில்லாமல் குழந்தைகள் வாடிய ஆண்டுகள் அவை. மச்சான் பணத்தைப் பெற்றுக்கொண்டார். அது அவர் உழைப்பின் உரிமை. ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. "தண்ணீர் கொடுத்தானே, அவன் பிள்ளைக்கு உரியதும் இதில் இருக்கிறதோ என்னவோ" என்றார்.

அந்த இழப்பீடு மொத்தம் 5,240 கோடி டாலர். அதன் கடைசித் தவணையை ஈராக் 2022 ஜனவரியில்தான் கட்டி முடித்தது. இடையில் 2003இல் அமெரிக்கப் படை புகுந்தது. 2006 டிசம்பர் 30இல் சதாம் தூக்கிலிடப்பட்டார். படையெடுக்க ஆணையிட்டவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் வரை, அந்த ஆணையில் பங்கே இல்லாத தலைமுறை கடனடைத்தது. 1991இல் பிறந்த ஈராக்கியக் குழந்தை முப்பது வயதைத் தொடும் வரை தகப்பன் காலத்து வழக்குக்குத் தவணை கட்டியது.

பழியேற்றவர்கள் இவர்கள் மட்டுமா? யமன் அரசு சவூதியின் நிலைப்பாட்டோடு சேரவில்லை. 1990 செப்டம்பரில் யமனியத் தொழிலாளருக்கு இருந்த சலுகைகளை சவூதி நீக்கியது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் மூட்டை கட்டினர். ஃபலஸ்தீன விடுதலை இயக்கத் தலைமை சதாமை ஆதரித்தது. குவைத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்த ஏறத்தாழ 4 லட்சம் ஃபலஸ்தீனர்களில் பெரும்பாலோர், வீடிழந்தவர்கள் மீண்டும் ஒருமுறை வீடிழந்தனர். மண்டபத்தில் ஒருவர் கை உயர்த்துகிறார். எங்கோ ஒரு கொத்தனாரின் கை வேலையிழக்கிறது.

மறை காட்டும் மூன்று படிகள்

இப்போது அந்த வாலிபரின் கேள்விக்கு வருவோம். திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் 9ஆம் வசனம் இதற்கென்றே வழி காட்டுகிறது. இறைநம்பிக்கையாளரின் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் முதலில் அவர்களிடையே சமாதானம் செய்ய வேண்டும். ஒரு தரப்பு அத்துமீறினால், அது இறைக் கட்டளையின் பக்கம் திரும்பும் வரை அதைத் தடுக்க வேண்டும். திரும்பிய பின், நீதியோடு இருவரையும் இணைத்து வைக்க வேண்டும்.

1990இல் நடந்ததை இந்த மூன்று படிகளில் வைத்துப் பாருங்கள். முதற்படிக்கு ஜித்தாவில் கிடைத்த அவகாசம் சொற்பம். இரண்டாம் படியில் அத்துமீறலைத் தடுக்க முஸ்லிம் நாடுகளால் ஒன்றுபட முடியவில்லை. பொறுப்பு அந்நியப் படைகளின் கைக்குப் போயிற்று. மூன்றாம் படிதான் பரிதாபம். நீதியோடு இணைத்து வைக்கும் பணி முப்பது ஆண்டுகள் இழுத்தது.

நாமோ இந்த மூன்று படிகளில் ஒன்றிலும் ஏறவில்லை. படம் மாட்டினோம், எதிர்ப் பேச்சுப் பேசியவரை ஏசினோம். அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவ வேண்டும், அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அந்த உதவி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை மறந்தோம். ஆகவே அந்த வாலிபருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, நாட்டின் பக்கம் நிற்காதே, தலைவரின் பக்கமும் நிற்காதே. அத்துமீறலை அத்துமீறல் என்று சொல், அது எவர் செய்தாலும். பிறகு சமாதானம் செய்பவரின் பக்கம் போய் நில்."

சமாதானம் செய்பவர்கள் இல்லாமலா போனார்கள்? 2017 ஜூன் 5இல் சவூதி, ஐக்கிய அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகள் கத்தாரோடு உறவை முறித்தன. அப்போது தள்ளாத வயதில் தலைநகர் தலைநகராகச் சென்று சமரசம் பேசியவர் குவைத் அமீர் ஷேக் ஸபாஹ். 1990இல் நாட்டை இழந்து நின்ற குவைத்தின் வெளியுறவு அமைச்சர் அவரே. 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார். 2021 ஜனவரி 5இல் சவூதியின் அல் உலாவில் அந்தப் பிளவு நீங்கியது, முயற்சி அவருடையது. ஏழு ஆண்டுகள் முறிந்திருந்த சவூதி-ஈரான் உறவு 2023 மார்ச் 10இல் பீஜிங்கில் புதுப்பிக்கப்பட்டது. அதற்கு முன் அவ்விரு நாடுகளும் 2021 முதல் பல சுற்றுகள் பேசிய இடம் பாக்தாத். அடி வாங்கிய குவைத்தும், அடித்துப் பின் அடிபட்ட ஈராக்கும் சமரசத்துக்கு முற்றம் அமைத்துக் கொடுத்ததை நினைக்கும்போது, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை பிறக்கிறது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பயணம் போன பிள்ளைகளின் தாய்மார்களுக்கும் மனைவியருக்கும் சில வேண்டுகோள்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், சம்பள ரசீது ஆகியவற்றின் நகல்கள் ஊரில் உங்கள் பெட்டியிலும் இருக்கட்டும். அன்று காகிதம் வைத்திருந்தவர்களே இழந்த பொருளுக்கும் வழக்குச் சொல்ல முடிந்தது. மச்சானின் தையல் மெஷின்களுக்கு ஒரு ரசீதும் இல்லை. அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் செல்வோருக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. அதன் தாளைக் கேட்டு வாங்குங்கள். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராவதைத் தள்ளிப் போடாதீர்கள். அனுப்பும் பணத்தில் ஆறு மாத அடுப்புச் செலவையாவது தொடாமல் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் கைப்பேசிகளில் ஒரு தரப்பைப் புகழ்ந்தும் மறு தரப்பைச் சபித்தும் செய்திகள் வந்து குவிகின்றன. அவற்றை மற்றவருக்கு அனுப்புமுன், அந்தச் செய்தி சபிக்கும் நாட்டில் நம் தெருப் பிள்ளை ஒருவன் இன்று மாலை சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மச்சான் இன்று நம்மிடையே இல்லை. அவர் கொண்டுவந்த கத்தரிக்கோல் என் தமக்கை வீட்டில் இருக்கிறது. தேநீர்க் கடையில் நான் மௌனமாக இருந்ததற்காக அவரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவருடைய மக்ஃபிரத்துக்காகவும், பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்க்காகவும் துஆச் செய்யுங்கள். சகோதரர்களின் இதயங்களை வல்ல இறைவன் இணைப்பானாக! ஆமீன்.