வளவும் வீடும்

வீடென்பது சுவருங் கூரையும் மட்டுமன்று. வேலியும் சங்கடப்படலையும், முற்றத்து வேம்பும், கிணற்றடி வாழையும், கோடிப்புறத்து முருங்கையும் ஒருங்கே அமைந்த வளவினையே நம் முன்னோர் வீடென எண்ணி வாழ்ந்தனர். சுன்னாகத்துச் செம்மண்ணில் வளர்ந்த நம் பழைய மாணவர்க்கு இதனை எடுத்துரைத்தல் வேண்டா.

2009ஆம் ஆண்டு போர் ஓய்ந்தபின், நம் ஊர்களிற் புதுமனைகள் பல எழுந்துள்ளன. இடிந்து கிடந்த மண்ணில் மீண்டும் விளக்கெரிதல் கண்டு மகிழ்கின்றோம். ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகின்றது. முதலில் மரங்கள் தறிக்கப்படுகின்றன. பின்னர் வீடு எழுகின்றது. முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதிக்கப்படுகின்றது. ஈற்றிற் பசுமை வேண்டிச் சாடிகளிற் செடி வைக்கப்படுகின்றது!

புதுமை வேண்டாவென்று நாம் கூறவில்லை. வழக்கறிஞராயிருந்த ஜெப்ரி பாவா 1948இற் பெந்தோட்டைக்கு அணித்தாய லுனுகங்கை என்னும் பழைய தோட்டத்தை வாங்கினார். அதனைத் திருத்தும் ஆர்வமே அவரைக் கட்டடக்கலை பயிலத் தூண்டிற்று. 1957இலேயே அவர் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். தோட்டம் முந்திற்று, கலை பிந்திற்று. 1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வா அம்மையாருக்குக் கொழும்பில் அவர் அமைத்த வீடு அக்காலத்துப் புதுமனையே. எனினும் அதன் நடுவிருந்தது திறந்த முற்றம். நம் நாற்சார் வீட்டுக்கு அஃது அயலன்று. பிற்காலத்தில் அவ்வீடு கல்லுந் தூணுங் கதவுமாக இலக்கமிட்டுக் கழற்றப்பெற்று, லுனுகங்கைத் தோட்டத்தின் ஓரத்தில் மீண்டும் அமைக்கப்பெற்றது. புதிய வீடு பழைய தோட்டத்தில் விருந்தினனாய் அடங்கி அமரக்கூடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இஃது அழகு பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் குடாநாட்டிற் பேராறு எதுவுமில்லை. மண்ணில் ஊறிச் சுண்ணக்கற் படைகளிற் சேரும் மழைநீரே நம் கிணறுகளின் உயிர். முற்றத்தை மூடுவோர் தம் கிணற்றின் வாயையும் ஓரளவு மூடுகின்றனர்.

ஆதலின், மனை கோலும் அன்பர்க்கும், நாளை பொறியியலாளராகப் போகும் நம் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். வரைபடத் தாளில் முதலில் நிற்கும் மரங்களையும் கிணற்றையும் குறியுங்கள். எஞ்சிய இடத்தில் வீட்டை வரையுங்கள். சுவரை ஓராண்டில் எழுப்பலாம். பாட்டன் வைத்த மாமரத்தை எழுப்ப மற்றொரு பாட்டன் வேண்டும்.